பன்னிரண்டாவது பெயரையும் படியுங்கள்: ஒரு பி.டி.ஏ. குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேனேஜர், தலைமையாசிரியை, பி.டி.ஏ. செயற்குழு உறுப்பினர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் கூட்டிய அவசரக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகளை முடிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிய எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை டி.சி. கொடுத்து அனுப்புவது, வாசலில் தினமும் பை சோதனை, புதிதாக நான்கு கேமரா, மொபைல் கேமின் தீமை பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. நான்கும் கை தூக்கி நிறைவேறின. நான் எழுந்தபோது, "டீச்சர், உங்க வயசுக்கு மரியாதை இருக்குது, ஆனா இது பாதுகாப்பு விஷயம்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை ஊர் பார்க்க எழுதுகிறேன்.

பையனின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுதப்போவதில்லை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், தமிழ் மீடியம், அவ்வளவு போதும். அவனைப் பற்றி இங்கே உள்ள ஒவ்வொரு வரியையும் அவனிடமும் அவன் அம்மாவிடமும் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுகிறேன்.

அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "எல்லாரையும் முடிக்கணும்" என்று எழுதி, கீழே பெயர்களை வரிசையாகப் போட்டு, ஓரத்தில் ஒரு துப்பாக்கியை வரைந்திருந்தான். ஏழாவது பெயர் என் பேத்தியுடையது. மகளும் மருமகனும் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள், பேத்தி என்னிடம் வளர்கிறாள். அந்தப் படம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஆகவே பயந்துபோன பெற்றோரைப் புரிந்துகொள்ளாத ஒரு கிழவி எழுதுகிறாள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறைக்குப் போய் நோட்டை நேரில் பார்க்கக் கேட்டேன். மறுக்காமல் காட்டினார், அதற்கு நன்றி. வாட்ஸப் படத்தில் பதினோரு பெயர்கள்தான் இருந்தன. யாரோ போனில் எடுக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி விட்டுப்போயிருக்கிறது. நோட்டில் பன்னிரண்டு. கடைசிப் பெயர் அவனுடையது. மற்ற பெயர்களை ஒரே கோடாக எழுதியிருந்தவன், தன் பெயரை மட்டும் பேனாவால் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தான். தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. கூட்டத்தில் அந்தப் பன்னிரண்டாவது பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

"அமெரிக்காவுல நடக்கிறது நம்ம ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர். 2023 நவம்பரில் திருச்சூரில் முன்னாள் மாணவன் ஒருவன் ஏர்கன்னோடு பள்ளிக்குள் நுழைந்து வகுப்பறையில் சுட்டதையும் சொன்னார். அன்று யாருக்கும் காயமில்லை, ஆனாலும் பயப்பட வேண்டிய சம்பவம்தான். அமெரிக்காவை நீங்கள் இழுத்துவிட்டீர்கள். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். சுட்டவர்களின் பெயரை நான் எழுதமாட்டேன். முன்னால் சுட்டவனின் பெயரையும் படத்தையும் தேடித் தேடிப் படித்துவிட்டு அடுத்தவன் கிளம்பியது பல தடவை நடந்திருக்கிறது.

ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸும் அமெரிக்கக் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002ல் ஓர் அறிக்கை கொடுத்தன. தாக்கியவர்கள் 41 பேர், எல்லாரும் பையன்கள். அதில் சிலரைச் சிறையில் சந்தித்துப் பேசவும் செய்தார்கள். "இப்படிப்பட்ட பையன்தான் சுடுவான்" என்று அச்சுப்போல ஒரு அடையாளம் கிடைக்குமா என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. நல்ல மார்க் வாங்கியவனும் இருந்தான், தோற்றவனும் இருந்தான். நண்பர்கள் சூழ இருந்தவனும் இருந்தான், ஒதுங்கியவனும் இருந்தான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதற்கு முன் பள்ளியில் எந்த வம்பிலும் மாட்டியதே இல்லை, அல்லது அபூர்வமாகத்தான் மாட்டினார்கள். "அவன் முழியே சரியில்லை, நான் அப்பவே சொன்னேன்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாரே, அந்த முழி எந்த ஆராய்ச்சியிலும் சிக்கவில்லை.

கேம் விஷயத்துக்கு வருகிறேன். வன்முறை கேம்களில் நாட்டம் காட்டியவர்கள் அந்த 41 பேரில் 12 சதவீதம். தாங்களே எழுதிய எழுத்தில், கதையில், கவிதையில், டைரியில் வன்முறையைக் கொட்டியவர்கள் 37 சதவீதம். நம் பையன் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன், அதுவும் அவன் அம்மா மில்லுக்கு எடுத்துப் போய்விடுவார். அவனைக் காரணமாக வைத்து மொபைல் கேம் வகுப்பு எடுக்கிறீர்கள். சென்னையில் 2012 பிப்ரவரி 9 அன்று ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றபோதும் இதேதான் நடந்தது. ஒரு சினிமாவின் மேல் பழியைப் போட்டுப் பேசித் தீர்த்தோம். நான் அப்போது பணியில் இருந்தேன். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லாரும் அழுதோம். அந்தப் பையன் அதற்கு முந்தைய வாரங்களில் எப்படி இருந்தான், யாரிடமாவது எதையாவது சொன்னானா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"திடீர்னு மூளை பிசகிடுச்சு" என்பது இன்னொரு நம்பிக்கை. திடீரென்று நடந்ததே அபூர்வம். அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று இரண்டு மாணவர்கள் 13 பேரைக் கொன்றார்கள். கேலி செய்யப்பட்ட இரண்டு தனிமைப் பிள்ளைகள் விளையாட்டு வீரர்களைப் பழிவாங்கினார்கள் என்று உலகம் முழுக்க ஒரு கதை பரவியது, இன்றுவரை அதுதான் பேசப்படுகிறது. உண்மையில் அவர்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் திட்டம் போட்டார்கள். கேஸ் சிலிண்டர் வெடிகுண்டு வைத்துக் கேன்டீனையே தகர்ப்பதுதான் திட்டம், குண்டு வெடிக்காமல் போனதால்தான் அந்த அளவோடு நின்றது. இருவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள். ஒருவன் மூன்று நாள் முன்னால்தான் பள்ளி நடன விருந்துக்குப் போய் வந்திருந்தான். அந்த ஒருவனின் டைரியில் இரண்டு வருஷத்துக்கு முன்பிருந்தே சாக வேண்டும் என்ற ஏக்கம் பக்கம் பக்கமாக இருக்கிறது. மற்றவனின் எழுத்தில் வெறுப்பும் இளக்காரமும். ஒரே நாளில், ஒரே வாசலில் நுழைந்த இருவருக்குள்ளேயே இவ்வளவு தூரம்.

ஆனாலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று உண்டு. 41 பேரில் 78 சதவீதம் பேர் அதற்கு முன்பே தற்கொலைக்கு முயன்றவர்கள் அல்லது அதைப் பற்றி நினைத்தவர்கள். ஏறக்குறைய எல்லாருமே பெரிய இழப்பு ஒன்றைச் சந்தித்திருந்தார்கள், அல்லது சந்தித்ததாக உணர்ந்தார்கள். 71 சதவீதம் பேர் தங்களை மற்றவர்கள் துன்புறுத்தியதாகச் சொன்னார்கள். கேலிக்கு ஆளாகும் கோடிப் பிள்ளைகளில் யாரோ ஒருவன்தான் ஆயுதம் எடுக்கிறான், அதனால் கேலியே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். மனநோய் என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியில்லை. நோய் என்று முன்பே மருத்துவர் கண்டறிந்தவர்கள் அந்த 41 பேரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் எத்தனையோ பேர் நம் தெருவிலேயே யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்கிறார்கள். உயிர் மேல் ஆசை விட்டுப்போனவன், தன் வலிக்கு யாரோ காரணம் என்று நம்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். பன்னிரண்டாவது பெயர் முக்கியம் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

இனி என் பேத்தி சொன்னது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு வாரம் முன்னாலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். இன்னும் நாலைந்து பேரும் பார்த்திருக்கிறார்கள். "ஏன் கண்ணு, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "சொன்னா அவனுக்கு டி.சி. குடுத்துருவாங்க அமுச்சி. அப்பறம் எல்லாரும் என்னைத்தான் காட்டிக்குடுத்தவன்னு சொல்லுவாங்க" என்றாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை, உங்கள் தீர்மானத்தைக் கூட்டம் நடப்பதற்கு இரண்டு வாரம் முன்பே சரியாகக் கணித்திருக்கிறாள்.

அந்த சீக்ரெட் சர்வீஸ் அறிக்கையில் என்னை உலுக்கிய எண் இதுதான்: 81 சதவீதச் சம்பவங்களில், இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைக்கு. பெரியவர்கள் காதுக்கு அது வரவில்லை. நடக்கப்போய் நடக்காமல் தடுக்கப்பட்ட திட்டங்களையும் அவர்கள் பிறகு ஆராய்ந்தார்கள். அவற்றில் பலவற்றைத் தடுத்தது யாரோ ஒரு மாணவன் வாய் திறந்ததுதான். நான்கு கேமராவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தீர்கள். பிள்ளைகள் வாய் திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கவில்லை. இந்த டி.சி.யைப் பார்த்த பிறகு, அடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கும் பிள்ளை நம்மிடம் வருமா?

"கோபாலபுரம் தாண்டி ஏதாவது ஸ்கூல்ல சேத்துக்கட்டும், செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் போய்ட்டா நமக்குத் தொல்லையில்ல" என்று சொன்னீர்கள். அனுப்பிவிட்டால் ஆபத்து போய்விடுகிறதா? ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரில் 2002 ஏப்ரலில் 16 பேரைக் கொன்றவன், சில மாதம் முன்னால் அதே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். நீக்கியதை வீட்டில் சொல்லவே இல்லை. தினமும் காலையில் பள்ளிக்குப் போவதுபோலக் கிளம்பிப் போயிருக்கிறான். அத்தனை மாதம் அவன் எங்கே போனான், என்ன யோசித்தான் என்று கேட்க ஒரு ஆசிரியரும் இல்லாமல் போனார். ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 2018 பிப்ரவரியில் 17 பேரைக் கொன்றவனும் அந்தப் பள்ளியிலிருந்து முந்தைய வருஷமே வெளியேற்றப்பட்டவன்தான்.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வேறொரு பள்ளியில், பத்தாம் வகுப்புப் பையன் காம்பஸ் முனையால் பக்கத்துப் பையனின் கையைக் கிழித்துவிட்டான். அவனை அனுப்பிவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். அவன் என் வகுப்பில் கட்டுரை நன்றாக எழுதுவான். கடைசியாக எழுதிய கட்டுரையில் "நான் இல்லாத நாளில் மழை பெய்யும்" என்று ஒரு வரி இருந்தது. கற்பனை நன்று என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவன் உயிரோடு இல்லை. முப்பது வருஷமாகிறது. அந்தச் சிவப்பு மை இன்னும் என் விரலில் இருக்கிறது.

அப்படியானால் மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடவே கூடாது. மிஷிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊர்ப் பள்ளியில், 2021 நவம்பர் 30 காலை, பதினைந்து வயசுப் பையன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, இந்த எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். ஆசிரியை பார்த்தார், பெற்றோரை வரவழைத்தார்கள், பேசினார்கள். பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான். பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள். துப்பாக்கி அப்பா நான்கு நாள் முன்னால் வாங்கிக் கொடுத்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் 2024ல் சிறைத் தண்டனை கிடைத்தது. சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தவர்களிலும் 68 சதவீதம் பேர் ஆயுதத்தை எடுத்தது தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான்.

அதனால்தான் வியாழக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனேன். உங்களில் யாராவது போனீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார் அவன் அம்மா.

ஆடிக் காற்று, கூரை மேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் அவன் அப்பா. கள் இறக்கப் போனவர், சித்திரையில் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அம்மா விடியற்காலை ஐந்தரைக்கு வேனில் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு மலஜலம் எடுத்து, உடம்பு துடைத்து, புண் வராமல் புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் இவன் பள்ளிக்கு வருகிறான். அதனால் லேட். லேட் என்றால் வராந்தாவில் நிற்க வேண்டும். நிற்கும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள், அதை எழுத என் கை வரவில்லை. என் பேத்தியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் காலை நீவிக்கொண்டே சொன்னான்: "நான் யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டேன் டீச்சர். பண்ணணும்னு தோணுது. தோணுறது நிக்கல. அதான் எழுதிப் பாத்தேன்."

பாளை சீவும் அரிவாள் கூரைச் சொருகில் இருந்தது. மூன்று மாதத் துரு, ஆனால் கூர் போகவில்லை. அவன் அம்மாவிடம் சொல்லி அதை வாங்கி வந்துவிட்டேன். இப்போது என் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கும்போது அவன்தான் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தான். எனக்கு அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பை சோதனையும் கேமராவும் தொடாத வேலை இது. ஒரு ஆட்டோ செலவில் முடிந்தது.

மனநலக் கவுன்சிலரிடம் காட்டினோம், பையன் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை வந்தது என்றீர்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் குறையில்லை, பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. இவனுக்கு மலையாளம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அப்பாவின் மலம் அள்ளுவதைப் பற்றி, சாகத் தோன்றுவதைப் பற்றி, பதின்மூன்று வயசுப் பையன் பாஷை தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வான்? எல்லாக் கேள்விக்கும் "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறான். பேச ஆள் கொடுக்காமல், பேசவில்லை என்று எழுதிவிட்டோம்.

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்களே, அதில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். கோபிசெட்டிபாளையம் அருகே கரட்டடிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது வகுப்பறையிலேயே உயிர் போனது. சுட்ட மாணவனின் எழுத்தைப் பார்த்து ஆங்கில ஆசிரியர்கள் 2005லேயே கவலைப்பட்டுச் சொன்னார்கள். சிகிச்சை எடுக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவன் போனானா என்று பின்தொடர்ந்து பார்க்க ஆள் இல்லை. அந்த மாநிலம் அதிலிருந்து பாடம் கற்றது. 2013ல் எல்லா அரசுப் பள்ளியிலும் மிரட்டலை ஆராய ஒரு குழு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. மிரட்டல் வந்தால் அந்தக் குழு முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசும். கோபத்தில் வந்த வார்த்தையா, நிஜமான எண்ணமா என்று பிரிக்கும். நிஜமென்றால் குறிவைக்கப்பட்ட பிள்ளைகளைக் காக்கும், ஆயுதத்தை அகற்றும், அந்தப் பையனையும் கைவிடாது. பெரும்பாலானவை கோபத்தில் வந்து போகிற வார்த்தைகள்தான் என்று அங்கே தெரிந்தது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

டி.சி. தீர்மானத்தை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். அவன் எட்டாம் வகுப்பு. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்று 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அம்மாவையே வரவழைத்து, அவரே கேட்டதாக எழுதி வாங்கும் வழியில் தயவுசெய்து போக வேண்டாம். அவருக்குத் துணையாக நான் வருவேன்.

தமிழ் பேசும் கவுன்சிலர் ஒருவர் வாரம் ஒரு நாளாவது வர, மாவட்ட அலுவலகத்துக்கு மேனேஜர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். இந்தத் தாலுகாவில் மற்றத் தமிழ் மீடியம் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால் மறுக்க மாட்டார்கள். அதுவரை அவனை ஒரு நல்ல மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும், பாலக்காடோ பொள்ளாச்சியோ நான் கூட்டிப்போகத் தயார். ராத்திரியில் பேசத் தோன்றினால் கூப்பிட 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அவன் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லா வகுப்பிலும் கரும்பலகை ஓரத்தில் அது இருக்கட்டும்.

பட்டியலில் பெயர் உள்ள பதினோரு பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்து, என்ன நடந்தது, என்ன செய்கிறீர்கள் என்று உட்கார்ந்து விளக்குங்கள். அவர்கள் பயம் நியாயமானது. வாட்ஸப்பில் சுற்றும் படத்தை அழிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளைகள் நம்பும் ஒருவரை அவர்களையே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். டீச்சராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2013ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் ஏகே வகைத் துப்பாக்கியோடு வந்த இளைஞனை, அலுவலகக் கணக்கராக இருந்த அன்டோனெட் டஃப் என்ற பெண்மணி தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லியே துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் பள்ளியில் மதியச் சாப்பாடு போடும் அம்மாவிடம் பிள்ளைகள் சொல்லும் ரகசியங்கள் உங்களுக்குத் தெரியாது. யார் வந்து சொன்னாலும் அதனால் யாருக்கும் டி.சி. வராது என்ற உறுதியை அசெம்பிளியில் தலைமையாசிரியை தன் வாயால் கொடுக்க வேண்டும்.

வராந்தாவில் நிற்க வைப்பதை நிறுத்துங்கள். அவன் ஒன்பதே முக்காலுக்கு வந்தாலும் உள்ளே விடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் அவன் அப்பாவுக்குக் காலையில் வர ஏற்பாடு செய்ய வார்டு மெம்பரிடம் நான் பேசிவிட்டேன், பள்ளியிலிருந்தும் ஒரு கடிதம் வேண்டும்.

ஓணப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவனுக்கு ஹால் டிக்கெட் எண் ஒதுக்கப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். என் பேத்தி, அவன் திரும்பி வந்தால் தன் பெஞ்சில் இடம் இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அமுச்சி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.